கார்புரேட்டரும் நம் கைத்தொழிலும்

மோட்டார் எஞ்சினின் பக்கத்தில், ஒரு சிறு செம்பின் அளவில், கார்புரேட்டர் என்னும் கருவி பொருத்தப்பட்டிருக்கும். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகத்துப் பெட்ரோல் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை அதன் வழியாகவே மூச்சுவிட்டன. இன்று விற்பனைக்கு வரும் புதிய கார்களில் அக்கருவி இல்லை. மின்னணுக் கணக்கின்படி பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் பாரத நாட்டில் கார்புரேட்டரின் கதையைச் சொல்லப் புகுந்தால், பொறியியலோடு நம் பொருளாதாரக் கொள்கையையும், பட்டறைகளில் வளர்ந்த கைத்திறனையும், நாம் சுவாசிக்கும் காற்றையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. பழுதுற்ற கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் புதியதுபோல் இயங்கச் செய்த அந்தத் தொழில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, எக்காரணத்தால் மறைந்துவருகிறது என்பதை நாம் இங்கே ஒருவாறு ஆராய்வோம்.

முதலில் அக்கருவியின் வேலை இன்னதென்று தெரிந்துகொள்ளுதல் நலம். பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்குள் செவ்வனே எரியாது. அது நுண்துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்கவேண்டும். கலவையிலும் அளவு உண்டு. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். கொள்ளளவில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை. காற்று மிகுந்தால் எஞ்சின் தடுமாறி நின்றுவிடும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை கக்கும். வண்டி நிற்கும்போதும், மேடேறும்போதும், விரையும்போதும் இந்த விகிதத்தை ஓரளவேனும் காத்துத் தரும் பொறுப்பு கார்புரேட்டருடையது. எந்த மின்சாரமும் எந்தக் கணிப்பொறியும் இன்றி, ஒரு மிதவையும், சில துளைகளும், ஓடும் காற்றின் இழுப்பும் கொண்டு அது இவ்வேலையைச் செய்தது.

அதன் அடிப்படைத் தத்துவம் மோட்டார் காரைவிட மூத்தது. ஓடும் திரவத்தின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைச் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் டேனியல் பெர்னூலி 1738-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். குறுகிய கழுத்துடைய குழாயில் நீரோட்டம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை இத்தாலியரான வெஞ்சுரி 1797-இல் எழுதினார். குழாயின் இடை குறுகும் இடத்தில் காற்று விரைந்தோடும். விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்தில் ஒரு நுண்துளையை வைத்தால், பக்கத்துக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் தானே மேலெழுந்து சிதறும். கார்புரேட்டரின் சூட்சுமம் இவ்வளவே.

எனினும் முதல் மோட்டார் வண்டிகளில் இந்தச் சூட்சுமம் பயன்படவில்லை. கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், எரிபொருளின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைக் காற்று அள்ளிச் செல்லும் எளிய அமைப்பே இருந்தது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவரோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை அவ்வகை வண்டியில் கடந்தார். வழியில் எரிபொருள் தீர்ந்துபோகவே, வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டார். எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பியின் ஊசியால் அடைப்பை நீக்கினார் என்று வரலாறு கூறுகிறது. எரிபொருள் அடைப்பைச் சாலையோரத்திலேயே நீக்கி வண்டியை ஓட்டிச் செல்லும் கலை, மோட்டார் காரோடு உடன்பிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பெட்ரோலை நுண்துளை வழியே பீய்ச்சும் மிதவைக் கார்புரேட்டரை வில்ஹெல்ம் மைபாக் 1893-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். அதே காலத்தில் ஹங்கேரி நாட்டில் டோனாத் பாங்க்கி, யானோஷ் சோங்க்கா ஆகிய இருவரும் இத்தகைய கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். 1905-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் புதுவகைக் கார்புரேட்டர் ஒன்றைக் கண்டார். அவர் காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய முதற் கருவியில் காற்றின் அழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் பகுதி தோலால் ஆன துருத்தியாக அமைந்தது. பின்னரே அது உலோகப் பிஸ்டனாக மாறிற்று. ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்னும் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ‘எஸ்.யு.’ என வழங்கப்பெற்றது. 1926-இல் அந்நிறுவனம் வில்லியம் மாரிஸின் வசமாயிற்று. பிரான்சிலோ ‘ஸோலெக்ஸ்’ என்னும் கார்புரேட்டர் புகழ்பெற்று, ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இடம்பிடித்தது. இவ்விரு பெயர்களையும் நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும். நம் நாட்டுப் பட்டறைகளின் அரைநூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டையும் சுற்றியே நடந்தது.

இந்தியாவுக்கு மோட்டார் கார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் வந்தது. நெடுங்காலம் அது சீமையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இறங்கும் பண்டமாகவே இருந்தது. ஃபோர்டு நிறுவனம் 1926-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலும் இந்நாட்டில் கால்வைத்தன. ஆனால் உதிரிகளாக வந்திறங்கிய பாகங்களைக் கூட்டுவதே அவற்றின் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்துகளின் பின்புறத்தில் கரி அடுப்பைக் கட்டி, அதில் எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டினர். கலவையின் அளவு தெரியாதவன் எஞ்சினை ஆளமுடியாது என்னும் பாடத்தை நம் தொழிலாளர் பலர் அந்த நெருக்கடியில் கற்றனர்.

பி.எம். பிர்லா 1942-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கினார். சேட் வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். முன்னது குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-இல் வங்காளத்து உத்தரபாராவுக்கு மாறியது. பின்னது பம்பாயின் குர்லாவில் அமைந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் எழுந்தது. சுதந்திரம் பெற்றபின் அந்நியச் செலாவணி அரிதாக இருந்தமையால், 1949-இல் முழு உருவான கார்களின் இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது. 1953-ஆம் ஆண்டின் கட்டண ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி, படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்ய முன்வருவோர்க்கே இத்தொழிலில் இடம் என்றாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விடைபெற்றுச் சென்றன.

இக்கொள்கையின் பயன் இருவகைப்பட்டது. ஒருபுறம் உள்நாட்டில் தொழிற்சாலைகள் வளர்ந்தன. 1957-இல், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி அம்பாஸடர் பிறந்தது. 1959-இல் அதற்கு 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின் வாய்த்தது. 1954 முதல் வந்த ஃபியட் 1100, பின்னர் பிரீமியர் பத்மினி என்று பெயர் பூண்டு, இந்நூற்றாண்டின் தொடக்கம் வரை குர்லாவில் உருவாயிற்று. மறுபுறம், கார் வேண்டுவோர் பதிவுசெய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1959-இல் கார்களின் விற்பனைக்கும் பங்கீட்டுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. புது வண்டி எளிதில் கிட்டாது; வாங்கிய வண்டியை விட்டால் வேறு வழியுமில்லை. ஆகவே, மேனாடுகளில் பத்தாண்டில் பழைய இரும்புக்குப் போகும் கார், இங்கே இருபது முப்பது ஆண்டுகள் ஓடியாகவேண்டிய நிலை ஏற்பட்டது. அப்படி ஓடவைத்தவர்கள் பட்டறைத் தொழிலாளர்களே.

தில்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், பம்பாயில் சோர் பஜார், சென்னையில் புதுப்பேட்டை எனப் பழைய உதிரிப் பாகங்களுக்கென்றே பெயர்பெற்ற வட்டாரங்கள் நாடெங்கும் எழுந்தன. ஓர் ஊரில் உடைத்த வண்டியின் கார்புரேட்டர் மற்றோர் ஊர் வண்டியில் உயிர்பெற்றது. வடநாட்டுப் பட்டறைகளில் மூத்த தொழிலாளியை ‘உஸ்தாத்’ என்று அழைத்தனர். நம் பக்கத்தில் ‘மேஸ்திரி’ என்றும் ‘அண்ணே’ என்றும் அழைத்தனர். கார்புரேட்டரில் தூசு சேர்ந்துவிட்டால் அங்கே ‘கச்சரா’ என்பார்கள். இங்கே ‘ஜெட் அடைச்சிருக்கு’ என்பார்கள். பிக்அப், மிஸ்ஸிங், ஐடிலிங், டியூனிங் ஆகிய சொற்களோ காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஒன்றே. பல மொழி பேசும் நாட்டில் பட்டறை மொழி தானே ஒரு பொதுமொழியாக அமைந்துவிட்டது.

அத்தொழிலாளர் என்னதான் செய்தனர்? பத்மினியில் இருந்த ஸோலெக்ஸை எடுத்துக்கொள்வோம். வண்டி ஐடிலில் நிற்கவில்லை. பெட்ரோல் செலவும் கூடிவிட்டது. முதலில் அவர் கார்புரேட்டரைத் தொடவே மாட்டார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். இளம் பழுப்பாயின் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளிறியிருந்தால் காற்று மிகுதி. பிளக்கின் இடைவெளியும் காண்டாக்ட் பாயிண்டும் சரியென்று தெரிந்த பின்னரே ஸ்பானரைக் கையிலெடுப்பார். நோய் எங்கே என்று அறியுமுன் மருந்து கொடுப்பது இத்தொழிலிலும் தவறே.

மேல்மூடியைத் திறந்ததும் மிதவைக் கிண்ணம் தெரியும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து எப்படி நீர்வரவை நிறுத்துகிறதோ, அப்படியே இங்கும் ஒரு மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும். பித்தளை மிதவையில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டால் உள்ளே பெட்ரோல் புகுந்து அது அமிழ்ந்துவிடும், வால்வு மூடாது, பெட்ரோல் வழியும். மேஸ்திரி மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். பிறகு வெந்நீரில் அமிழ்த்துவார். உள்ளிருக்கும் ஆவி விரிந்து, ஓட்டை உள்ள இடத்தில் குமிழியாக வெளிப்படும். உட்புகுந்த பெட்ரோல் ஒரு சொட்டும் மிஞ்சாதபடி வெளியேற்றியபின் ஈயப்பற்று வைப்பார். பற்றவைக்கும் ஈயம் சிறிது மிகுந்தாலும் மிதவையின் எடை கூடிவிடும். எடை கூடினால் கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் உயரும். மட்டம் உயர்ந்தால் கலவை கெடும். ஆகவே ஓட்டையை அடைப்பதோடு, எடையைக் காப்பதும் அவர் கையில் இருந்தது.

அடுத்து ஜெட்டுகள். ஜெட் என்பது நடுவே துளையிட்ட சிறு பித்தளைத் திருகு. அதன்மேல் பொறித்துள்ள எண் துளையின் அளவைக் காட்டும். 115 என்றிருந்தால் ஒரு மில்லிமீட்டரும் அதன்மேல் நூற்றில் பதினைந்து பங்கும் என்று கொள்ளலாம். இந்த அளவில் மிகச் சிறிய மாறுதலும் பெட்ரோல் செலவில் தெரியும். ஆகையால் அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்தலாகாது என்பது தொழிலின் முதல் விதி. பித்தளை மெத்தென்ற உலோகம். கம்பி பட்டால் துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதி எடுப்பதே முறை. விதியை அறிந்தும், அவசரத்தில் செம்புக் கம்பியிழையை நுழைத்தவர்கள் உண்டு. வண்டி அன்று ஓடிற்று. அடுத்த மாதம் பெட்ரோல் கணக்கு ஏறிற்று.

அம்பாஸடரில் நெடுங்காலம் இடம்பெற்ற எஸ்.யு. கார்புரேட்டர் வேறுவகை. அதில் பல ஜெட்டுகள் இல்லை; ஒரே ஜெட்டுக்குள் நுனி நோக்கிக் கூம்பிச் செல்லும் ஊசி ஒன்று ஏறியிறங்கும். அவ்வூசியைத் தாங்கும் பிஸ்டன், எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப உயரும். பிஸ்டனும் அதன் மூடியும் ஒன்றற்கொன்று பொருத்தமாகச் செய்யப்பட்ட இணை. ஒரு வண்டியின் பிஸ்டனை மற்றொரு வண்டியின் மூடிக்குள் இடலாகாது. உப்புத்தாள் கொண்டு தேய்க்கவும் கூடாது. துணியால் துடைப்பதே போதும். ஜெட்டை நடுநிலைப்படுத்துவது இதில் மிக நுட்பமான வேலை. பூட்டு நட்டைத் தளர்த்தி, ஊசியைத் துளைக்குள் முழுவதும் இறக்கி, மறுபடி இறுக்கவேண்டும். பின் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால், அது தடையின்றி விழுந்து ‘டிக்’ என்ற தெளிவான ஓசை எழுப்பவேண்டும். ஓசை மங்கினால் ஊசி எங்கோ உராய்கிறது என்று பொருள். மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

எஞ்சினை ஓட்டியபின் செய்யும் சோதனையும் அழகியது. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்ல உயர்த்திப் பார்ப்பர். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் தளர்ந்து நின்றுபோனால் காற்று மிகுதி. சிறிதே கூடிப் பின் நிலைபெற்றால் கலவை சரி. ஜெட்டின் அடியிலுள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பி அந்த நிலையை எட்டவேண்டும். இதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை; காது ஒன்றே போதும். ஆனால் அக்காது பல ஆண்டுகள் எஞ்சினருகே நின்று பழகிய காதாக இருக்கவேண்டும்.

இவ்விரு வகையிலும் மிகுந்த தொல்லை தந்தது த்ராட்டில் தண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் திரும்பும் இத்தண்டு, காலப்போக்கில் தானும் தேய்ந்து, தன் துளையையும் பெரிதாக்கிவிடும். அவ்விடைவெளியில் கணக்கில் வாராத காற்று உட்புகும். அதன்பின் எத்தனை முறை டியூனிங் செய்தாலும் பயனில்லை. புதிய தண்டு கிடைக்காத காலத்தில், கடைசல் இயந்திரத்தில் பித்தளை வளையம் கடைந்து துளைக்குள் அறைந்து, தண்டையும் புதிதாகக் கடைந்து பொருத்தினர். மிகையாக முடுக்கியதால் வளைந்துபோன அடித்தட்டைக் கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்துச் சமன்செய்தனர். கேஸ்கெட் இல்லையெனில், தடித்த தாளைக் கார்புரேட்டரின் விளிம்பின்மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி, விளிம்பே தாளை வெட்டும்படி செய்தனர்.

இந்நாட்டின் தட்பவெப்பமும் நில அமைப்பும் வேறு பாடங்களைக் கற்பித்தன. மலைப்பாதையில் உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். சமவெளிக்குப் பொருந்திய ஜெட் அங்கே பெட்ரோலை மிகுதியாகத் தரும். சிம்லாவிலும் டார்ஜிலிங்கிலும் உதகையிலும் நிலைத்து ஓடும் வண்டிக்குச் சிறிய ஜெட் பொருந்தும் என்பதைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். வேனிற்காலத்தில் எஞ்சினின் சூட்டால் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி வண்டி நின்றுவிடும். அப்போது பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, அது குளிரும்வரை சாலையோர மரநிழலில் காத்திருக்கும் அம்பாஸடரும் ஃபியட்டும் நம் நாட்டின் வழக்கமான காட்சியாக இருந்தன.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை திடீரென்று ஏறியது. கார்புரேட்டரைப் புதுப்பித்தல் அதற்குமுன் வண்டியை ஓடவைக்கும் வேலையாக இருந்தது. அதன்பின் குடும்பச் செலவைக் கட்டுப்படுத்தும் வேலையாகவும் ஆயிற்று. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி ஒவ்வொரு பட்டறையிலும் எழுந்தது. அளவிற்சிறிய ஜெட்டைப் பொருத்தி மிச்சம்பிடிக்க முயன்றவர் பலர். அளவுக்குமீறிச் சிறியதானால் எஞ்சின் சூடேறி வால்வு கருகும். பெட்ரோலில் மிஞ்சியது எஞ்சினில் போய்விடும். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அச்சிறு துளை உணர்த்திற்று. மலிவு விலை மண்ணெண்ணெயைப் பெட்ரோலில் கலக்கும் தீயவழக்கமும் பரவிற்று. அதன் பயனாகப் படிந்த கசடு, கார்புரேட்டர்களை அடிக்கடி பட்டறைக்கு அனுப்பிற்று.

இத்தொழிலைப் புகழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். பட்டறைகளில் கார்புரேட்டர் கழுவியவர் பலர் சிறுவர்கள். பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில், ஈயம் கலந்த பெட்ரோலில் வெறுங்கையை நனைத்து அவர்கள் வேலை கற்றனர். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலும் பின்னர் சேர்க்கப்பட்டது. கைத்திறன் தலைமுறை தலைமுறையாக வந்தது என்று நாம் பெருமிதம் கொள்ளும்போது, அத்திறனுக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதி அச்சிறுவர்களின் படிப்பு என்பதை மறத்தல் நீதியாகாது.

மற்றொரு விலையை நகரத்துக் காற்று கொடுத்தது. காதால் அறியும் கலவை எஞ்சினுக்கு இதமாக இருக்கும். ஆனால் புகையில் கலந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு ஓசையுமில்லை, நிறமுமில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஐடிலில் நிற்கும் நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டியின் புகையில் அவ்வாயு நூற்றுக்கு 3 பங்குக்கு மிகலாகாது என்று வரையறுத்தன. அன்றுதொட்டு மேஸ்திரியின் காதுக்குப் பக்கத்தில் அளவுகருவி ஒன்றும் வந்து நின்றது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-லும் கார்புரேட்டரே இருந்தது. எனினும் அதன் நெருங்கிய அளவுகள் பழைய பட்டறை முறைகளுக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. 1995-இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும், புதிய கார்களுக்குப் புகைதூய்மிக் கருவியும் வந்தன. அக்கருவி செவ்வனே வேலைசெய்யக் கலவை மிகத் துல்லியமாக இருத்தல் வேண்டும். அத்துல்லியம் மிதவைக்கும் துளைக்கும் எட்டாதது.

முடிவு விரைவில் வந்தது. தில்லியின் காற்று மாசு பற்றிய வழக்கில், 1999 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் தனியார் கார்கள் அவ்வாண்டு ஜூன் முதல் ஐரோப்பாவின் முதல் நிலை வரையறையையும், 2000 ஏப்ரல் முதல் இரண்டாம் நிலை வரையறையையும் நிறைவேற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. புதிய கார்களில் இன்ஜெக்டர் விரைந்து பரவியது. 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் அம்பாஸடரின் உற்பத்தி நின்றது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலை நடைமுறைக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் கார்புரேட்டரைத் துறந்தன. 2023 அக்டோபரில், இருபதாண்டு வயதெல்லையை எட்டிய கடைசிப் பத்மினி டாக்ஸியும் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றது.

இம்மாறுதல் வேண்டத்தகாதது என்று சொல்ல நாம் துணியோம். குழந்தைகளின் நுரையீரல், பழைய எஞ்சினின் இனிய ஓசையைவிடப் பெரிது. ஆனால் கருவி மறையும்போது அதைப்பற்றிய அறிவும் சுவடின்றி மறையவேண்டும் என்பதில்லை. இங்கே நாம் மொழியைப் பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. மத்திய அரசின் ஏடுகளை மொழிபெயர்க்கும் பணியில் இருக்கும் நமக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் பொருள். இந்த வண்டிகளின் பழுதுபார்ப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. அவ்வண்டிகளைப் பழுதுபார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்தவர் அல்லர். இடையிலிருந்த அகழியை ஏடுகள் நிரப்பவில்லை. உஸ்தாதின் சொல்லும் கையும் நிரப்பின. அறிவியல் தொழில்நுட்பச் சொல்லாக்கத்துக்கென 1961-இல் நடுவண் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. சொற்கள் பெருகின, ஆயினும் பட்டறையில் பிறந்த சொற்கள் பல எந்த அகராதியின் வாயிலையும் எட்டவில்லை. பிஸ்டன் விழும் ஓசையைக் கொண்டு நோயறியும் முறையை எத்தனையோ பேர் செய்தனர். அதைத் தமிழிலோ வங்காளியிலோ மராத்தியிலோ எழுதிவைத்தவர் மிகச் சிலர்.

இந்த அறிவுக்கு இன்றும் தேவையுண்டு. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. அவை ஓடவேண்டுமாயின் அவற்றின் கார்புரேட்டர்களைப் புதுப்பிக்கத் தெரிந்தவர் வேண்டும். அவர்களுக்குப் புதிய சிக்கல் ஒன்றும் காத்திருக்கிறது. 2023 முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் பரவியுள்ளது. எத்தனாலுக்குத் தன்னுள்ளேயே பிராணவாயு உண்டு. ஒரு பங்கு எத்தனால் எரிய ஏறக்குறைய 9 பங்கு காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டின் வழியே இக்கலவை பாயும்போது எஞ்சினுக்குக் காற்று மிகுந்துவிடும். பழைய ரப்பர் டயாபிரமும் தக்கை வளையமும் எத்தனாலால் ஊறிக் கெடலாம்; அது ஈரத்தை ஈர்ப்பதால் கிண்ணத்தில் அரிப்பும் உண்டாகலாம். ஜெட்டைச் சிறிது பெரிதாக்கவும், ரப்பர்ப் பாகங்களை ஏற்ற வகையில் மாற்றவும், மிதவை மட்டத்தை மீண்டும் சோதிக்கவும் தெரிந்த கைகள் மறுபடியும் தேவைப்படுகின்றன.

அக்கைகளுக்குரியோர் பலர் இன்று முதியோர். புதுப்பேட்டையிலும் மல்லிக் பஜாரிலும் காஷ்மீரி கேட்டிலும் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தின் மாணவன் ஒருவன் ஒரு பழைய ஸோலெக்ஸை மேசைமேல் பிரித்து வைத்து, மூத்த மேஸ்திரி ஒருவர் சொல்லச் சொல்ல, அவர் வழங்கும் சொற்களாலேயே ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் பழுதையும் தீர்வையும் தன் தாய்மொழியில் குறித்துக்கொள்வானாயின், அது சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஏட்டில் இடம்பெறாத ஓர் அறிவுக்கு அதுவே முதல் ஏடு ஆகும். அப்பணியைத் தொழிற்பயிற்சி நிலையங்களும் மோட்டார் தொழிற்சங்கங்களும் இன்றே மேற்கொள்ளுதல் வேண்டும்.